புது எஸ்.யு.வி விலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா, கட்டுப்படியாகுமா?

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழும். "மச்சி, இதைப் பாரு." சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு கார். வயது பன்னிரண்டு. ஓடியது 38,000 கிலோமீட்டர்தான் என்கிறது விளம்பரம். விலையைப் பார்த்தால், ஷோரூமில் இன்று நிற்கும் நடுத்தர எஸ்.யு.வி ஒன்றின் டாப் வேரியன்ட் விலைதான். "இதே காசுக்கு எல்லாரும் வச்சிருக்கிற வெள்ளை எஸ்.யு.வி-யா, இல்ல இதுவா?" என்று அடுத்த மெசேஜ் வரும். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது அதிகம் பேருக்கு வருகிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு விளக்கில் ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. போர்ஷே என்ற பெயர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், முப்பது வயதுக்குள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த ஐ.டி. ஊழியர்களும் டாக்டர்களும் கடை வைத்திருப்பவர்களும், கல்யாணம், குழந்தை என்று ஆவதற்குமுன் ஒரு தடவையாவது இப்படி ஒரு வண்டி வைத்திருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நினைப்பதில் தப்பில்லை. ஆனால், கையெழுத்துப் போடுவதற்குமுன் தெரிந்திருக்க வேண்டிய சங்கதிகள் நிறைய.

விலை ஏன் இப்படி விழுகிறது?

முழுசாகக் கட்டி வெளிநாட்டிலிருந்து வரும் கார் என்றால், முதல் உரிமையாளர் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு சுங்க வரியும் ஜி.எஸ்.டி-யும் சாலை வரியும்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். இந்த வரியெல்லாம் காரோடு ஒட்டிக்கொண்டு வராது. ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே காற்றில் கரைய ஆரம்பிக்கும். அதோடு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரைப் பழசாக வாங்க ஆள் குறைவு. வாங்க ஆளில்லாத பொருளின் விலை விழத்தானே செய்யும்?

இங்கேதான் முதல் பொறி. விலை பழசாகும், உதிரிபாக பில் பழசாகாது. புதிதாக 80 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 25 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால், அதன் பிரேக் டிஸ்க்கும் சஸ்பென்ஷனும் ஹெட்லைட்டும் இன்றும் 80 லட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான். கடைக்காரர் உங்கள் ஆர்.சி. புக்கில் வருடம் பார்த்து விலையைக் குறைக்க மாட்டார். எதிர்பாராத ஒரு கியர்பாக்ஸ் வேலை, வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும்.

அதனால் பட்ஜெட்டை இப்படிப் போடுவது நல்லது: கையில் 25 லட்சம் இருந்தால் 20 லட்சத்துக்குள் கார் பார்க்க வேண்டும். மீதி ஐந்து லட்சம் வங்கியில் தனியாகக் கிடக்க வேண்டும். அந்த ஐந்து லட்சத்தையும் சேர்த்து விலைக்குக் கொடுத்துவிட்டு, "ஒரு வருஷம் ஓட்டிட்டுப் பார்த்துக்கலாம்" என்று நினைப்பவர்களின் கார்கள்தான் அதே வருடக் கடைசியில் மறுபடி விளம்பரத்துக்கு வருகின்றன. கடனில் வாங்குவது இன்னும் சிக்கல். பழைய காருக்கு வட்டி அதிகம். காரின் வயதைப் பார்த்துக் கடன் காலத்தையும் வங்கிகள் சுருக்கிவிடும். இ.எம்.ஐ கட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் பில்லும் கட்டுவது சாதாரண சம்பளக்காரரால் முடிகிற காரியமில்லை.

எந்த வண்டியைப் பார்க்கலாம்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இரண்டு கதவுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியச் சாலைக்கும் இந்தியக் குடும்பத்துக்கும் பொருந்துவது, வெளியே சாதுவாகவும் உள்ளே முரட்டுத்தனமாகவும் இருக்கும் வண்டிகள்தான்.

ஃபியட் அபார்த் புன்டோ அப்படி ஒன்று. 2015-ல் வந்தது. 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 145 குதிரைத்திறன். பத்து லட்சத்துக்குள் ஷோரூம் விலை வைத்த காலத்தில் அந்தப் பணத்துக்கு இவ்வளவு சக்தி வேறெதிலும் இல்லை. ஃபியட் கார் விற்பனையை இந்தியாவில் நிறுத்திக்கொண்டது என்பதுதான் இன்றைய பிரச்சினை. இன்ஜின் பாகங்கள் எப்படியாவது கிடைத்துவிடும். ஒரு பம்பரோ, டெயில் லேம்போ உடைந்தால் ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும்.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ 2013-ல் வந்தது. நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் டர்போ இன்ஜினும் ஏழு கியர் டி.எஸ்.ஜி-யும் கொண்ட வண்டி. போலோ விற்பனை 2022-லேயே முடிந்தாலும், இன்னும் நல்ல வண்டிக்கு அடிபிடி. ஆனால், அந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி, கிளட்ச் ஆயிலில் மூழ்கியிராத 'டிரை கிளட்ச்' வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடேறும். அதன் மெக்கட்ரானிக் யூனிட் உலகம் முழுக்கவே பெயர் கெட்டது. 2013-ல் பல நாடுகளில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து இந்த கியர்பாக்ஸின் ஆயிலை நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. கத்திப்பாராவிலிருந்து சிறுசேரி வரைக்கும் தினமும் அலுவலகம் போன வண்டியா, வார இறுதியில் மட்டும் வெளியே எடுத்த வண்டியா என்று கேட்டே ஆக வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த 1.0 லிட்டர் போலோவில் இந்த கியர்பாக்ஸ் இல்லை. வழக்கமான ஆட்டோமேட்டிக்தான். நிம்மதி அதிகம், வேகத்தின் ருசி சற்று வேறு.

கொஞ்சம் மேலே போனால் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 2017-ல் வந்த 230, 2020-ல் வெறும் 200 கார்கள் மட்டும் விற்ற 245. பெயரிலேயே குதிரைத்திறன் இருக்கிறது. நாலு கதவு, பெரிய டிக்கி, பின்னால் அப்பா அம்மா தாராளமாக உட்காரலாம். கியர்பாக்ஸும் ஆயிலில் மூழ்கியிருக்கும் 'வெட் கிளட்ச்' வகை. 230-ல் சுமார் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலை மாற்றியிருக்கிறார்களா என்பதை பில்லில் பார்க்க வேண்டும். முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறவருக்கு, வீட்டில் வேறு கார் இல்லையென்றால், இதைத் தாண்டிப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

அதற்கும் மேலே பி.எம்.டபிள்யூ இசட்4, ஆடி டி.டி, போர்ஷே பாக்ஸ்டர், கேமன் வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வியாதி உண்டு. 2009-ல் வந்த இசட்4-ன் மடங்கும் அலுமினியக் கூரை அழகு. பட்டனை அழுத்தினால் இருபது விநாடியில் காணாமல் போகும். பத்து வருடம் வெயிலில் நின்ற காரில் அது பாதியில் நின்றால், சரிசெய்ய ஊரில் யார் இருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். வாங்கும்போது கூரையை ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை திறந்து மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதன் 35ஐ மாடலில் இருந்த இரட்டை டர்போ இன்ஜினின் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் அமெரிக்காவிலேயே தகராறு செய்து, அங்கே அந்தப் பாகத்துக்கு வாரன்டியைப் பத்து ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டிவந்தது.

பழைய போர்ஷே என்றால் ரசிகர்கள் முதலில் கேட்பது ஐ.எம்.எஸ் பேரிங் பற்றித்தான். 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன், 911 வரிசையில் பெரும்பாலான இன்ஜின்களுக்குள் இருக்கும் இடைநிலை ஷாஃப்டைத் தாங்கும் சின்ன பேரிங் அது. எல்லா காரிலும் உடைவதில்லை. உடைந்தால் இன்ஜினே போய்விடும். 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒரு வருட வித்தியாசம். ஆனால், நிம்மதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விளம்பரத்தில் 'மாடல் 2009' என்று இருந்தால் அது பதிவு செய்த வருடமா, தயாரான வருடமா என்று சேசிஸ் நம்பரை வைத்து உறுதி செய்வது இதற்காகத்தான்.

இன்னொரு வகை ரசிகர்களும் உண்டு. திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சர், செடியா, 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் ஆகியவற்றைத் தேடிப்பிடித்து வைத்திருப்பவர்கள். விலை குறைவு, வேடிக்கை அதிகம். 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. எடுக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் சாதாரண காருக்கு 5,000 ரூபாயாகவும் இறக்குமதி காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கட்டணத்தைவிட, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ அலுவலகம் போய் நிற்கும் பொறுமைதான் இதில் பெரிய செலவு.

"பக்கா கண்டிஷன் சார்!"

எந்த புரோக்கரும் வண்டி சுமார் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மூக்கால் மோந்து பார்க்க வேண்டியது வாங்குபவரின் வேலை.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போக வேண்டும். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எழுப்பும் சத்தத்தை உங்களுக்குக் கேட்க விடாமல் யாரோ முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் வரும் கடகட சத்தமும், டர்போ வழியே ஆயில் கசிந்தால் வரும் நீலப் புகையும் முதல் சில நிமிடங்களில்தான் நன்றாகத் தெரியும்.

சென்னையில் வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வெள்ளத்தைத்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஆயிரக்கணக்கில். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடிப்பார்கள். அப்படிக் கழித்த வண்டிகள் ஏலத்தில் போய், கழுவி, பாலிஷ் போட்டு, வேறு ஊர் வழியாகச் சந்தைக்குத் திரும்பி வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். நுனி வெளுப்பாக, அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஏ.சி. போட்டதும் வரும் பூஞ்சை வாசம் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. மற்ற கார்களுக்கு சக்கரம் மட்டும் நனையும் தண்ணீரில் இதற்கு உட்கார்ந்திருப்பவரின் கால் நனையும். பல ஜெர்மன் கார்களில் முக்கியமான எலெக்ட்ரானிக் பெட்டிகள் கார்பெட்டுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கின்றன.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நூல் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஆறேழு வருடமான ரப்பர் இறுகிப்போயிருக்கும். 200 குதிரைத்திறன் வண்டியில் மழை நாளில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 38,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் காரில் மூன்றாவது செட் டயர் இருந்தால், மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மீட்டரைக் குறைப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால், சர்வீஸ் பில்லிலும் பழைய இன்ஷூரன்ஸ் பேப்பரிலும் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரிலும் பழைய கணக்கு தங்கிவிடும். எல்லா இடத்திலும் ஒருவர் போய்த் திருத்துவதில்லை.

பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 400 காட்டினால் அங்கே டிங்கரிங் வேலை நடந்து பட்டி போட்டிருக்கிறார்கள். கதவு பரவாயில்லை. கூரையிலோ, கதவுக்கு நடுவே உள்ள தூணிலோ காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

போர்ஷே மாதிரி வண்டிகளில் இன்னொரு வசதி உண்டு. இன்ஜின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுற்றியது, எப்போது சுற்றியது என்பதை அதன் கம்ப்யூட்டர் வகை பிரித்து நினைவில் வைத்திருக்கும். மேனுவல் கியர் வண்டியில் ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்குப் பதில் இரண்டாவதில் போட்டுவிட்டால் இன்ஜின் அலறும் அல்லவா, அந்தத் தவறு நிரந்தரமாகப் பதிவாகிவிடும். முறையான ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் இந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கலாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி பார்ப்பது, ஸ்கேன் போடுவது எல்லாம் சேர்த்து ஆகும் செலவு, காரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், "இன்னொரு பார்ட்டி டோக்கன் கொடுக்க ரெடியா இருக்காங்க" என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொரு பார்ட்டிக்கே போகட்டும்.

வண்டி நல்லது, பேப்பர்?

இன்ஜின் கெட்டால் பணம் போகும். பேப்பர் கெட்டால் காரே போகும்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூட்டானிய மொழியில் வாகனம். பூட்டான் வழியாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களோடு இங்கே பதிவு செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடிய சோதனை அது. சினிமாக்காரர்களின் வீடுகளுக்கும் போனார்கள். பல கைமாறி, காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னாலும், வரி கட்டாமல் வந்த கார் என்றால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம்.

பயன்படுத்திய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர பொதுவான விதி கறாரானது: தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டீயரிங் இருக்க வேண்டும். அப்படியிருக்க, இந்தியாவில் எந்த நிறுவனமும் விற்றிராத தொண்ணூறுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, வடகிழக்கு மாநிலம் ஒன்றின் நம்பர் பிளேட்டோடு மலிவு விலைக்கு வந்தால் முதலில் வர வேண்டியது ஆசை இல்லை, சந்தேகம். இறக்குமதி கார் எதுவானாலும் 'பில் ஆஃப் என்ட்ரி' எனப்படும் சுங்க ஆவணத்தைக் கேட்க வேண்டும். அதிலுள்ள சேசிஸ் எண்ணும், ஆர்.சி-யில் உள்ள எண்ணும், காரின் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து வெளிமாநில வண்டிகள். டெல்லியில் பழைய பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து நல்ல வண்டிகள் மலிவாக இறங்குகின்றன. பார்க்க லாபம்தான். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி வாங்கி, இங்கே வயதுக்கேற்ற ஆயுட்கால வரி கட்டி, டி.என் எண் பெற வேண்டும். அந்த வரி, நீங்கள் கொடுத்த மலிவு விலையை வைத்து அல்ல, காரின் அசல் விலையை வைத்துக் கணக்கிடப்படும் என்பதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பி.ஒய் நம்பர் வண்டிக்கும் இதே கணக்கு. "பாண்டி அட்ரஸ்லயே ஓட்டிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பது விற்கிறவர் சொல்லும் வார்த்தை. வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு.

எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் அடமானம் உள்ளதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கடன் இருந்தால் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி-யும் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்கக் கூடாது. ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, "மாத்திக்கலாம், மெதுவா" என்று ஆறு மாதம் இழுக்கும் பழக்கம் இங்கே சகஜம். விற்பவருக்கு இது கத்திமேல் நடப்பது. ஆர்.டி.ஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியிருந்தது. மாட்டியது, முதலில் விற்றவர்.

டீலரிடம் வாங்கினால், அவர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி 18 சதவீதம் என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டாம். அது காரின் முழு விலைக்கு இல்லை, அவருடைய லாபத்துக்கு மட்டும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி-யே கிடையாது.

சத்தம் போடும் சைலன்ஸர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதிக்கு மேல் யாராவது கை வைத்திருப்பார்கள். 'ஸ்டேஜ் 1 ரீமேப்', வேறு எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங். விளம்பரத்தில் இதை 'எக்ஸ்ட்ரா ரெண்டு லட்சம் செலவு பண்ணினது' என்று பெருமையாகப் போடுவார்கள். வாங்குகிறவருக்கு இது கூடுதல் மதிப்பு இல்லை, கழிவு. இன்ஜினும் கியர்பாக்ஸும் தாங்கும் என்று நிறுவனம் வைத்த அளவுக்கு மேல் அவை உழைத்திருக்கின்றன. நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் மாற்றங்களைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, லைசென்ஸ் முடக்கமோ வரலாம். எல்லாவற்றையும்விட, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்க இடமுண்டு. அசல் பாகங்களையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கை கொடுக்குமா?

பாதிதான். ஐந்து வருடம் தாண்டிய காருக்கு 'ஜீரோ டெப்' கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டால், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் 50 சதவீதத்தையும், ஐந்து முதல் பத்து வயதுள்ள காரின் உலோகப் பாகங்களில் 40 சதவீதத்தையும், அதற்கு மேல் வயதானால் 50 சதவீதத்தையும் தேய்மானமாகக் கழிப்பார்கள். ஒரு ஹெட்லைட் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லட்சம் உங்கள் பாக்கெட்டிலிருந்து. இறக்குமதி காரில் ஒரு ஆட்டோ பின்னால் இடித்தாலே மாதச் சம்பளம் காலி என்பது இதனால்தான்.

விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் காரோடு வராது, அவரோடு போய்விடும். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு சாதாரண கார் பாலிசி பொருந்தாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள், சுவரில் இடித்தால் முழுச் செலவும் தம்முடையது என்று தெரிந்தே போக வேண்டும். ஆனாலும் வேகம் பார்க்க அதுதான் சரியான இடம். ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ரோடு காலியாக இருப்பதுபோல் தெரியும். சைக்கிள் ஓட்டுபவர்களும் மீன் கூடையோடு ரோட்டைக் கடப்பவர்களும் அதே நேரத்தில்தான் வருகிறார்கள்.

வாங்கிய பிறகு

சாலை காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தடையில் தாழ்வான கார்கூட மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் இருப்பது யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய சிமென்ட் மேடு. அதனால் வாங்கும் முன்பே வீட்டிலிருந்து மெயின் ரோடு வரையும், அலுவலக பேஸ்மென்ட் சரிவு வரையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. விற்பவர் சம்மதித்தால் அந்த வழியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

பெட்ரோல் இப்போது எங்கும் இ20. 2023-க்கு முன் தயாரான பெரும்பாலான கார்கள் இவ்வளவு எத்தனாலை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. ஆக்டேன் குறைவு என்ற பயம் இதில் வேண்டாம். பழைய ரப்பர் குழாய், சீல் ஆகியவைதான் கவலை. டேங்க் நிறைய ஊற்றி இரண்டு மாதம் சும்மா நிறுத்தாமல் அடிக்கடி ஓட்டுவதும், வருடம் ஒருமுறை எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்வதும் போதும். ஓட்டாத காருக்கு பேட்டரியும் முதலில் படுத்துவிடும். வீட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் சொட்டுச் சொட்டாக சார்ஜ் ஏற்றும் சார்ஜர் ஒன்று போட்டுவைக்கலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றுதான் கதி என்றால் செலவு தாங்காது. கோவையிலும் சென்னையிலும் ஐரோப்பிய கார்களை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். காரைத் தேடும் முன் இந்த மெக்கானிக்கைத் தேட வேண்டும். அவரிடம் போய், "இந்த மாடல் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கும். "ரெண்டு பேர் மட்டும்தான் உட்கார முடியுமாப்பா?" ஊருக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, கல்யாணத்துக்குப் போக இன்னொரு வண்டி வேண்டும். அதற்கும் ஒரு பார்க்கிங் வேண்டும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான். இரண்டாவது கார் தெருவில் நிற்கும், மேலே வேப்பம்பழம் விழும், பையன்கள் சாய்ந்து நின்று செல்ஃபி எடுப்பார்கள்.

அதோடு அக்டோபர் பிறந்தால் வானிலை அறிக்கையைப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தாழ்வான கார் வைத்திருப்பவர் அந்த வரிசையில் இடம்பிடிக்க மற்றவர்களுக்கு முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். பாலத்தில் ஏறும் முன் தெருவில் தேங்கும் முதல் ஒரு அடித் தண்ணீரே அதற்கு அதிகம்.